படத்தின் வெட்டிய மூலை

கண்ணாடிக்கடைக்காரியின் வயிற்றில் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு கல் கிடந்தது. எதைச் சாப்பிட்டாலும் அது போய் அந்தக் கல்லின் மேல்தான் உட்கார்ந்தது.

அவள் கடைத்தெருவில் ஊராருக்கெல்லாம் பார்வை சோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டாம்பூச்சி பார்க்கக் கிளம்பிவிடுவாள். அப்படிக் கிளம்புகிறவர்கள் ஒன்பது பேர். பார்த்ததையெல்லாம் எழுதி வைக்க அவர்களுக்கு ஒரு தடித்த நோட்டு உண்டு. அது அவர்களில் ஒருவரான பல் டாக்டரிடம் இருந்தது. நோட்டுக்கு ஒரு சட்டமும் இருந்தது. கண்ணில் பட்டதாகச் சொன்னால் பென்சிலில் எழுதுவார்கள். ருசு இருந்தால்தான் மை. மையில் ஏறியது ஏறியதுதான்.

போன வருஷம் ஒரு பூவின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த பட்டாம்பூச்சியை அவள் இருபது நிமிஷம் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். இவ்வளவு அடக்கமான பிராணியைப் பார்த்ததே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். பெரிதாக்கிப் பார்த்தால், பூ நிறத்திலேயே ஒரு சிலந்தி அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. பட்டாம்பூச்சி செத்து எவ்வளவு நேரம் ஆகியிருந்ததோ! அன்றிலிருந்து குழுவில் அவளுக்குச் சிலந்தி அக்கா என்று பெயர்.

அந்தப் பெயரைத் துடைத்துப் போட ஒரு சந்தர்ப்பம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தாழப் பறந்தது. பார்த்தவுடன் வெந்தய வரியன் என்றுதான் யாரும் சொல்வார்கள். வெந்தய வரியன் புழுவாக இருக்கும்போது எருக்கிலையைத் தின்று வளர்வது. உடம்பெல்லாம் கசப்பு, பறவைகள் தொடாது. அந்தத் தைரியத்தில் ஊர்வலம் போகிற மாதிரி நிதானமாகப் பறக்கும். இதுவோ திடுக்திடுக்கென்று பறந்தது. கசப்பில்லாத வேறொரு இனத்தில், பெண் மட்டும் வரியனின் உடையைப் போட்டுக்கொண்டு பறவைகளை ஏமாற்றித் திரியும். குழுவில் அதற்கு வேஷக்காரி என்று பெயர். நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே பதினாலு வருஷமாக வெற்றிடம்.

இரண்டையும் பிரித்தறியப் பின்னிறக்கையைப் பார்க்க வேண்டும். வரியனுக்கு நடுவில் மூன்று நான்கு கறுப்புப் பொட்டு. வேஷக்காரிக்கு மேலோரத்தில் ஒன்றே ஒன்று. அவளுக்கு ஒரே ஒரு படம்தான் கிடைத்தது. அதிலும் பின்னிறக்கை ஒரு சருகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஓரத்தில் கிடந்த களையையும் குப்பையையும் வெட்டிவிட்டு, பட்டாம்பூச்சி மட்டும் தெரிகிற மாதிரி அழகாக்கிக் குழுவுக்கு அனுப்பினாள். ஒருவர் உடனே எழுதினார்: 'சிலந்தி அக்கா, இதாவது உயிரோட இருக்கா?'

அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் டாக்டர் போன் செய்தார்.

"பின்னிறக்கை மறைஞ்சிருக்கே அக்கா. நேர்ல பாத்தீங்களா? எத்தனை பொட்டு?"

"ஒண்ணுதான் டாக்டர். நல்லாப் பாத்தேன்."

வாய் சொல்லிவிட்டது. மனசு பின்னாலேயே ஓடிவந்து பிடிப்பதற்குள் டாக்டர் சந்தோஷப்பட்டுவிட்டார்.

"நீங்க பாத்தா சரி. ஊருக்கே கண்ணு பாக்கறவங்க. மையிலயே எழுதிடறேன்."

அவர் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நம்பிவிட்டாரே, அதுதான் கல்லாகிப்போனது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கடை திறக்குமுன் அந்த மனைக்குப் போய் நின்றாள். வந்ததெல்லாம் வரியன்தான். ஒவ்வொன்றின் பொட்டையும் எண்ணினாள். நாலு, மூணு, மறுபடியும் நாலு. ஞாயிற்றுக்கிழமை பார்த்ததும் இவர்களில் ஒருத்திதானோ என்று தோன்ற ஆரம்பித்தது. பொய்யும் சொல்லி, அதுவும் தப்பான பொய்யாகப் போய்விட்டால்?

வியாழக்கிழமை மாமியாரை அதே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. புதுப் பல்செட் ஈறில் குத்திப் புண்ணாக்கியிருந்தது.

வழியில் மாமியார் கேட்டாள், "பல்லு எனக்கு. மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறது நீயா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா மூணு நாளா உப்பை ரெண்டு தடவை போடற?"

டாக்டர் மாமியாரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, கன்னத்துக்குள் பஞ்சு உருண்டைகளை வைத்தார். சுவர் அலமாரியில் அந்த நோட்டு இருந்தது. மருமகளின் கண் அதைவிட்டு நகரவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"டாக்டர், நோட்டுல அந்தப் பேரை அடிச்சிடுங்க."

"எந்தப் பேரை?"

"வேஷக்காரியை. நான் பொட்டைப் பாக்கல. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

டாக்டரின் கை மாமியாரின் வாய்க்குமேல் அப்படியே நின்றது. மாமியாரின் கண்கள் மருமகள் பக்கம் மெல்லத் திரும்பின.

"இந்தாங்க, வெட்டாத படம்." அவள் போனை விளக்கு வெளிச்சத்தில் நீட்டினாள். "சருகு மறைச்சிருக்கு பாருங்க. ஒண்ணா நாலான்னு எனக்குத் தெரியவே தெரியாது."

 மாமியார் ஏதோ சத்தம் போட்டாள்.

"வலிக்குதாம்மா?"

மாமியார் இல்லையென்று தலையை ஆட்டி, போனை நோக்கி விரலை நீட்டினாள். டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டார்.

"வாயை அடைச்சு வச்சிட்டு வலிக்குதான்னு கேட்டா எதால சொல்றது? அது பருப்புக்கீரைன்னு சொன்னேன்."

"எதும்மா?"

"அந்த மூலையில கிடக்கே, அது. தடிச்ச இலை, சிவப்புத் தண்டு. பூந்தொட்டியில நாப்பது வருஷமாப் பிடுங்கிப் போடறேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் படத்தின் அந்த மூலையைப் பெரிதாக்கினார். பட்டாம்பூச்சியின் வயிற்று நுனி வளைந்து, ஒரு தடித்த இலையின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, இது முட்டை வைக்குது."

 வரியன் முட்டை வைக்க எருக்கைத் தேடிப் போகும். பருப்புக்கீரையை ஏறெடுத்தும் பார்க்காது. வேஷக்காரியின் பிள்ளைகளுக்கோ இந்தக் களைதான் தாய்ப்பால்.

"குழுவுக்கு அனுப்பின படத்துல இது இல்லையே?"

"அழகா இருக்கட்டும்னு வெட்டிட்டேன்."

"கெட்டிக்காரி," என்றாள் மாமியார். "சாட்சியை வெட்டிப் போட்டுட்டு பொய்யை அனுப்பி வச்சிருக்கா."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பொய் சொன்னது எனக்கு வருத்தம்தான் அக்கா," என்றார். "ஆனா நீங்களே வந்து சொல்லலைன்னா இந்த மூலையை நான் பாத்திருக்கவே மாட்டேன். மையை இப்ப அடிக்க வேண்டாம். பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கறேன். அங்க போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

மத்தியானம் மூன்று பேரும் அந்தக் காலி மனையில் இருந்தார்கள். மாமியார் பல் இல்லாத வாயோடு குடை பிடித்தாள். டாக்டரும் மருமகளும் மண்டியிட்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பினார்கள். கடையில் கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியைப் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடி அன்றைக்கு நன்றாக உழைத்தது. ஐந்தாவது செடியில், இலையின் அடியில், கசகசாவைவிடச் சின்னதாக ஒரு காலி முட்டை ஓடு. பக்கத்து இலையில் நூல் துண்டு போல ஒரு புழு, தன் உடம்புக்குத் தகுந்த ஓட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது.

தண்டோடு கிள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாமியாரின் பல்செட் டம்ளர்தான் கைக்குக் கிடைத்தது.

"அப்ப என் பல்லு எங்க படுக்கும்?"

"ஒரு வாரம் கிண்ணத்துல படுக்கட்டும் அத்தை."

அன்று சாயங்காலம் வெட்டாத படத்தைக் குழுவுக்கு அனுப்பினாள். பொட்டைப் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னது தன் தப்பு என்றும் எழுதினாள். எழுதிவிட்டுப் போனைக் குப்புறப் போட்டாள். திருப்பிப் பார்த்தபோது அதே ஆள் எழுதியிருந்தார்: 'சிலந்தி அக்கா இன்று முதல் கீரை அக்கா.' அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த இடத்தில் பசியும் வந்தது. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லைக் காணோம்.

வரியனின் புழு வழவழவென்று, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். ஒரு வாரத்தில் டம்ளரில் வளர்ந்த பிள்ளையோ கன்னங்கரேலென்று, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளும், தலையில் இரண்டு கொம்புமாக நின்றது. டாக்டர் நோட்டோடும் ரப்பரோடும் கடைக்கே வந்தார். கேள்விக்குறியை அழித்துவிட்டு மையில் எழுதினார்: 'படம்: கண்ணாடிக்கடை அக்கா. செடியை அடையாளம் சொன்னவர்: அவர் மாமியார்.'

மாமியார் நோட்டைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க டாக்டர். என் டம்ளரை எப்பக் குடுப்பீங்க?"