சிக்னல்காரர் ஊதிய விசில்

இரும்பு யார்டு அணியின் கோல்கீப்பருக்குப் பூட்டு என்று பெயர். அந்த சீசனில் மட்டும் நாற்பத்தொரு கோல் உள்ளே போயிருந்தது. "பூட்டு நல்ல பூட்டுதான், கதவுதான் இல்ல" என்பான் தடுப்பாட்டக்காரன் நெட்டை. நெட்டை, பூட்டின் பெண்டாட்டியின் தம்பி. அதனால் அடி விழாது.

பதினேழு ஆட்டத்தில் மூன்று வெற்றி. கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தால் முதல் பிரிவில் ஒட்டிக்கொள்ளலாம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம்.

பூட்டுக்குக் கோப்பை ஆசையெல்லாம் கிடையாது. பகல் ஷிப்டு வேண்டும், அவ்வளவுதான். முதல் பிரிவில் இருக்கும்வரை ஆட்டக்காரர்களுக்குப் பகல் வேலை, சாயங்காலம் பயிற்சி. இறங்கினால் மறுநாளே இரவு ஷிப்டு என்று மேனேஜர் நோட்டீசே ஒட்டிவிட்டார். பூட்டின் மனைவிக்குத் தையல் ஆலையில் பகல் வேலை. அணியில் சேருமுன் நான்கு வருஷம், ஒருவர் எழுந்த பாயின் சூட்டில் மற்றவர் படுத்துக் குடித்தனம் நடத்தியவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை. எண்பத்தேழாவது நிமிஷம்வரை கோல் இல்லை. பூட்டு அன்று எதையும் விடவில்லை. ஒரு பந்தை முகத்தால்கூடத் தடுத்தான். மூலையிலிருந்து வந்த பந்தை நெட்டை தலையால் முட்டித் தள்ள, கோட்டோரம் நின்ற யார்டு சிக்னல்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழுத்து விசிலை எடுத்து ஊதிவிட்டார். நீளமாக, இரண்டு தடவை.

யார்டில் அதற்கு ஒரே அர்த்தம். தலைக்கு மேல் கிரேன் சுமை. நின்ற இடத்தில் நில், மேலே பார். ஓடியவன் செத்திருக்கிறான்.

பதினொரு பேரும் நின்றார்கள். பதினொரு பேரும் மேலே பார்த்தார்கள். வெறும் வானம்.

எதிரணி மாவுமில் ஆட்கள். அவர்களில் ஒருவன் பந்தை நடத்திக்கொண்டே வந்து உள்ளே தட்டினான். வெளி விசிலுக்கு ஆட்டத்தை நிறுத்தக் கூடாதா என்று கேட்டதற்கு, "ஊதினது உங்க ஆளு" என்று நடுவர் கோலைக் கொடுத்துவிட்டார். மிச்ச நிமிஷங்களில் பதில் கோல் விழவில்லை. ஆட்டம் அதோடு முடிந்தது.

நெட்டை நேராகப் போய் சிக்னல்காரர் சட்டையைப் பிடித்தான். "யோவ், அவனுங்களுக்குப் பன்னெண்டாவது ஆளா எறங்கிட்டியேய்யா!"

"கை தானா போயிடுச்சுப்பா." அவர் அழுதுகொண்டிருந்தார். "இனிமே இந்த விசிலத் தொடமாட்டேன்."

"விடுறா மச்சான்" என்றான் பூட்டு.

"உங்களுக்குக் கோவமே வரலையா மாமா?"

"வயிறு எரியுதுடா. ஆனா நாளைக்கு இவரு ஊதறப்ப நிக்கலாமா வேண்டாமான்னு நான் ஒரு நொடி யோசிச்சேன்னு வை, அப்புறம் உங்கக்காவுக்குப் பகலென்ன, ராத்திரியென்ன? அண்ணே, விசிலை உள்ள போடுங்க. நாளைக்கு எனக்கு நீங்கதான் ஊதணும்."

தண்ணீர் பாட்டிலோடு மனைவி வந்தாள். "ஏங்க, எல்லாரும் அங்க மேல என்னத்தப் பாத்தீங்க?"

சொன்னான். அவள் புல்லில் உட்கார்ந்தாள்.

"எங்க லைன்ல ராத்திரிக்கு ஆள் இல்லாம சூப்பர்வைசரம்மா கெஞ்சிட்டிருக்கு. நானும் மாத்திக்கறேன்."

"தூக்கத்துல ஊசி கையில ஏறிடும்டி."

"ஏறினா நீங்க பக்கத்துல இருந்து கட்டுப் போடுங்க. பகல்லயாவது ஒண்ணாத் தூங்குவோம்."

அவன் கையை நீட்டினான். வியர்வையில் ஒட்டியிருந்த கையுறையை அவள் விரல் விரலாக இழுத்து உருவினாள்.