இடது காது

"மேடை என் தாய்" என்று அவன் பேட்டி கொடுக்கும்போதெல்லாம் நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அந்தத் தாயின் மடியில் இருந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவன் வசனத்தை ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்ததில்லை. ஆறு வருடமும் திரை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து அவனுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான்.

எங்கள் நாடகக் குழுவில் அவனுக்குச் செவிச்செல்வர் என்று பெயர் வைத்திருந்தோம். வசனம் மறந்ததும் மெல்ல நடந்து என் பக்கம் வருவான், தலையைச் சாய்த்து இடது காதைக் காட்டுவான், நான் ஊட்டுவேன். சினிமாவுக்குப் போன பிறகும் அந்தக் கோணல் போகவில்லை. ஸ்டைல் என்றார்கள். தெருவில் போகிற பயல்களெல்லாம் இன்று கழுத்துச் சுளுக்கியதுபோல் அப்படித்தான் நிற்கிறார்கள். ஊருக்கே காதில் பூச்சுற்றிவிட்டான்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன், என் மனைவி விஷயம் இல்லாவிட்டால்.

அவனுக்கு ஜோடியாக நடித்தவள் அவள்தான். என் குரல் எட்டாத இடத்தில் அவன் திருதிருவென்று விழித்தால், அவன் வசனத்தையும் அவளே சேர்த்துச் சொல்லிக் காட்சியைக் காப்பாற்றுவாள். "ஊருக்குப் போறேன்னுதானே சொல்ல வர்றீங்க? போகக்கூடாது!" என்பாள். அவன் தலையாட்டினால் போதும். ஒரு விமர்சகர் இதைப் பார்த்துவிட்டு, உடன் நடிப்பவரின் வசனத்தை விழுங்கும் நடிகை என்று பத்திரிகையில் எழுதினார். அவனுக்கோ, அடக்கமான மௌன நடிப்பு என்று பாராட்டு. அதைப் படித்துத்தான் சினிமாக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். அவளை அதன்பிறகு எந்தக் குழுவும் கூப்பிடவில்லை.

உண்மையைச் சொல்லும்படி அவனிடம் கெஞ்சினாள். "நேரம் வரட்டும்மா, நானே சொல்றேன்" என்றான். குழுவின் மானம் போய்விடும் என்று முதலாளி சொன்னதால் நானும் வாயை மூடிக்கொண்டேன். மனதுக்குள் அவனைக் காறித் துப்பும்போதெல்லாம் என் மேலும் கொஞ்சம் தெறிக்கும்.

இருபத்தெட்டு வருடம் கழித்து நேரம் வந்தது. அவனுடைய நாடக வாழ்க்கையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார்கள். பழைய அரங்கு, பழைய ஜோடி, பழைய காட்சி ஒன்று. விமர்சகர் எழுதியது தப்பு என்று அவன் கேமரா முன்னால் சொல்ல வேண்டும், அதுதான் என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை. "அதுக்கென்ன, கண்டிப்பா" என்று போனில் சொன்னானாம். படப்பிடிப்பு அன்று காலை அவள் மூன்று புடவை மாற்றினாள்.

முதலில் அவன் பேட்டி. அவளைவிட நாலு வயது மூத்தவன், வாய் கூசாமல் அக்கா என்றான்.

"அக்கா அருமையான நடிகை. பாவம், மேடை ஏறினா கொஞ்சம் படபடப்பு. என் வசனத்தையும் சேர்த்துப் பேசிடுவாங்க. நான் பொறுத்துக்குவேன். அந்தப் பொறுமையை எனக்குக் கத்துக் குடுத்ததே மேடைதான்."

அவள் முகம் சுண்டிப்போனது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். "காட்சியை எடுத்துரலாம்" என்று இயக்குநரிடம் சொன்னாள்.

நான் நோட்டோடு ஓரத்தில் உட்கார்ந்தேன். முக்காலிக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலி. "நீ இருக்கேல்ல, எனக்கென்ன கவலை" என்று என் தோளைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனான். இந்த முறையும் அவன் படிக்கவில்லை.

"இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க?" என்று அவள் ஆரம்பித்தாள்.

'எங்கேயும் போகலை, உன் வாசல்லதான் நின்னேன்.' அவன் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொல்லவில்லை. மெல்ல நடந்து என் பக்கம் வந்தான். தலையைச் சாய்த்தான். இடது காது என்னைப் பார்த்தது.

நான் நோட்டை மூடினேன்.

"டேய், எடுத்துக் குடுடா" என்றான், உதடு அசையாமல். சட்டையில் மைக் குத்தியிருந்ததை மறந்துவிட்டான். ஹெட்போன் மாட்டியிருந்த ஒலிப்பதிவுக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் அசையவில்லை. அவன் என் மனைவி பக்கம் திரும்பினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவனுக்குப் பொறுக்கவில்லை. "நீங்களாவது சொல்லுங்களேன்க்கா!" என்றான், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.

"சொல்லிருவேன். அப்புறம் நான்தான் முழுங்கிட்டேன்னு பேட்டி குடுப்பீங்க."

ஒலிப்பதிவுக்காரப் பெண் குபீரென்று சிரித்துவிட்டாள். இயக்குநர் அவனையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அவள் மைக்கைக் கழற்றி இயக்குநர் கையில் கொடுத்தாள். "வாங்க, போலாம்" என்றாள் என்னிடம்.

எழுந்து, நோட்டை நாற்காலியிலேயே வைத்தேன். அவனுக்குத்தான் அது வேண்டியிருக்கும்.