வகுப்பிலேயே நீளமான நூல்

கூட்டுச் செயல்திட்டம் என்ற ஒன்றை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவனை மனதுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்புக்கு மூன்று பாடம் சேர்த்து ஒரே தலைப்பு: ‘நாங்கள் பள்ளிக்கு வரும் வழி’. கணக்குக்குத் தூரம், அறிவியலுக்குப் பள்ளி வந்து சேர்ந்ததும் எண்ணிய நாடித்துடிப்பு, மொழிப்பாடத்துக்குக் கட்டுரை. மூன்று டீச்சர்களும் சேர்ந்து செய்வதாகத்தான் பேச்சு. கடைசியில் எல்லாம் இவள் தலையில் வந்து விடிந்தது. ஒரு மாதமாக முதுகு முதுகாகவே இல்லை.

சுவரில் பெரிய வரைபடம். நடுவில் பள்ளி, அங்கிருந்து ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு சிவப்பு நூல். மறுநாள் தலைமையாசிரியர் பார்க்க வருகிறார். சாயங்காலம் கடைசியாக ஊசிகளைச் சரிபார்த்தபோது டீச்சருக்குப் பகீரென்றது. ஒரு நூல் எல்லைக்கோட்டைத் தாண்டி வரைபடத்தின் ஓரம்வரை போயிருந்தது. அந்தக் கோட்டுக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் இந்தப் பள்ளியில் இடம். போன வருஷம் பொய் விலாசம் கொடுத்த இரண்டு பேரை ஈவிரக்கம் பார்க்காமல் அனுப்பியவர் தலைமையாசிரியர்.

நூலுக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே நின்றாள். வகுப்பே ‘வாயாடி’ என்று கூப்பிடும் பெண்.

“டீச்சர், என்னோடதுதான் எல்லாரையும் விட நீளம்! அஞ்சரை கிலோமீட்டர். ஒரு அடி விடாம எண்ணிட்டே வந்தேன்.”

“பள்ளிக்கூடத்துல எந்த விலாசம் குடுத்திருக்கீங்க?”

வாயாடிக்கு முகம் சுண்டிப்போயிற்று. “பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்கிற சித்தி வீடு.”

“ஊசியைப் பிடுங்கும்மா. அங்க கொண்டுபோய்க் குத்து.”

“அளந்தது அளந்தபடி எழுதணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?”

“சொன்னேன். இப்ப பிடுங்கு.”

இதைச் சொல்லவா இருபது வருஷம் பாடம் நடத்தினோம் என்று டீச்சருக்கு வெறுத்துப்போயிற்று. வாயாடி ஊசியைப் பிடுங்கி நூலை விரலில் சுற்றினாள். நாலு விரற்கடை விட்டு மிச்சத்தை நறுக்கினாள். டீச்சர் பக்கத்தில் குத்தியிருந்த அவளுடைய கட்டுரையைக் கழற்றித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். நாடித்துடிப்புப் பட்டியல் அடுத்த சுவரில் இருந்தது. அது இருப்பதே டீச்சருக்கு நினைவில்லை.

தலைமையாசிரியரின் கண் மறுநாள் நேரே அங்கேதான் போயிற்று. வரைபடத்தையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, உன் நூல்தான் எல்லாத்தையும் விடக் குட்டை. துடிப்பு மட்டும் நூத்து முப்பத்திரண்டா? எதிர்வீட்டுல இருந்து வர்றதுக்கா?”

டீச்சருக்கு அப்போதுதான் பட்டியல் நினைவுக்கு வந்தது.

“நான் ஓடி வருவேன் சார்” என்றாள் வாயாடி. அது மட்டும் சத்தியம். அம்மா ராத்திரி வேலை முடிந்து ஏழரை மணிக்கு வந்து தம்பியை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் வீட்டை விட்டு இறங்குவாள். எட்டரை மணிக்குப் பள்ளி.

“அப்பவும் பாதி நாள் லேட்டு! பக்கத்துல இருக்கிற திமிரு, வேறென்ன?” தலைமையாசிரியர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. அவர் கதவில் தொங்கிய சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். “நாளையிலேர்ந்து ஏழேமுக்காலுக்கு வந்து நீதான் வகுப்பைத் திறக்கணும். அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்.”

“சரி சார்.”

அவர் போனதும் வாயாடி சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துகொண்டு வந்தது.

டீச்சருக்கு இரண்டு பஸ். ஏழேமுக்காலுக்கு இங்கே நிற்க வேண்டுமானால் ஐந்தரைக்கே வீட்டைப் பூட்டியாக வேண்டும். இந்த வருஷம் முடிய இன்னும் ஏழு மாதம் கிடந்தது. நினைக்கும்போதே இடுப்பு வலித்தது.

“இங்க குடு” என்று கையை நீட்டினாள். “நான் திறக்கிறேன். யாராவது கேட்டா நீதான் திறந்தேன்னு சொல்லு.”

“டீச்சர்...”

“போய் உக்காரு. நாளைக்கு நடந்தே வா.”