வேணு காரு சொன்ன பச்சை

16 ஜூலை 2013, செவ்வாய். தவறு: வெள்ளை அட்டையை முதலில் அளக்காமல் சிவப்பில் தொடங்கிவிட்டேன். ஒரு வரிசை வீண்.

வகுப்பு நோட்டில் இப்படி எழுதிவிட்டுப் பேனாவை மூடியதும் விஜயகுமாரிக்குக் காது மடல் சுட்டது. வகுப்பில் நடந்ததற்கு முன்னால் இதெல்லாம் ஒரு தவறா? சின்னதை எழுதிப் பெரியதை முழுங்கியிருந்தாள்.

கரூரிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து எட்டு மாதம். போலாரத்தில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு பகலில் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்தாள். மாலையில் அமீர்பேட்டில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு. சொல்லிக்கொடுக்கும் நஸ்ரின் மேடம் வாணியம்பாடிக்காரர். பாடம் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் ஓடும். தெலுங்கு அவருக்கு வராது. விஜயகுமாரியோடு மட்டும் தமிழ். அவளோடு ஜோடியாக வேலை செய்பவர் வேணுகோபால். நல்கொண்டா பக்கத்து ஆள், பகலில் மிக்ஸி ரிப்பேர். அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால், தெலுங்குக்காரர்கள் மரியாதைக்குச் சொல்கிறபடி ‘வேணு காரு’ என்பாள். அவருடைய ஓட்டை இங்கிலீஷும் அவளுடைய அரைத் தெலுங்கும் சேர்ந்துதான் பேச்சு.

இந்த வாரம் நிறம் அறியும் சென்சார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆர்டுவினோ போர்டில் இணைத்து, அதன்மேல் அட்டையைக் காட்டினால் சிவப்பு, பச்சை, நீலம், மொத்த வெளிச்சம் என்று நான்கு எண் தரும். அறை வெளிச்சம் கலக்காமலிருக்க வேணுகோபால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஆறு அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி நிறத்தைச் சொன்னார். இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்களை எழுதினாள்.

“பச்ச” என்றார். தமிழ் மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷமாகப் ‘பச்சை’ என்று எழுதினாள். அடுத்து “ஆகு பச்ச” என்றார். இலைப்பச்சை. முதல் பச்சையில் சிவப்பு எண் பச்சை எண்ணைத் தாண்டியிருந்தது. ‘டியூப்லைட்?’ என்று ஓரத்தில் குறித்தாளே தவிர, துணியை விலக்கிப் பார்க்கவில்லை.

அவள் எழுதிய எண்களையும் பெயர்களையும் ஏற்றிப் புரோகிராமை ஓட்டிக் காட்டும் நேரம். வேணுகோபால் மஞ்சள் அட்டையை வைத்தார். திரையில் ‘கிரீன்’ என்று வந்தது. வகுப்பே சிரித்தது.

“நேனு பச்ச அனே செப்பானண்டி” என்றார் வேணுகோபால், மஞ்சள் அட்டையைக் கையில் பிடித்தபடி. பச்ச என்றுதானே சொன்னேன் என்கிறார்.

விஜயகுமாரி மேடத்தின் பக்கம் திரும்பினாள். “பாருங்க மேடம், மஞ்சளைக் கையில வச்சுக்கிட்டு இப்பவும் பச்சைங்கிறாரு. அவருக்குக் கண்ணுல ஏதோ கோளாறு போல. பாவம்.”

சொன்னது தமிழில். கடைசிச் சொல் மட்டும்தான் வேணுகோபாலுக்குப் புரிந்தது, தெலுங்கிலும் அது ஏறக்குறைய அப்படித்தான். தனக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்து, “தேங்க்ஸ் அம்மா” என்று சிரித்தார்.

நஸ்ரின் மேடத்தின் முகம் மாறியது. “அடடா. செர்லப்பள்ளியில ஒரு கேபிள் கம்பெனிக்கு ஒரு ஆள் கேட்டிருக்காங்க. இவர் பேரைத்தான் கொடுக்கறதா இருந்தேன். கலர் கலரா வயர் பிரிக்கிற வேலைம்மா அது. நல்லவேளை சொன்னே. நாளைக்கு வகுப்பு முடிஞ்சதும் உன் பேரையே மெயில்ல அனுப்பிடறேன்.”

விஜயகுமாரி வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது வீட்டில் சித்தி உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி மகள் ஷர்மிளா, போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தோளுக்கு மேலாக எட்டி நோட்டைப் பார்த்தாள்.

“க்யா அக்கா, ரெண்டு பச்சை போட்டிருக்கே, மஞ்சளையே காணோம்?”

“அவர் அப்படித்தான் சொன்னாரு.”

“யாரு, மிக்ஸி வேணுவா? எப்படிச் சொன்னாரு, அப்படியே சொல்லு.”

“ஒண்ணு பச்ச. இன்னொண்ணு ஆகு பச்ச.”

ஷர்மிளா கட்டிலில் விழுந்து சிரித்தாள். “ஐயோ அக்கா! இங்க பச்சன்னா மஞ்சள். பச்சையைத்தான் ஆகு பச்சம்பாங்க. மஞ்சக்காமாலைக்கே பச்ச காமெர்லுன்னுதான் பேரு. எட்டு மாசமா என்னத்தைத் தெலுங்கு கத்துக்கிட்டே?” சிரிப்பு அடங்கியதும், “அதுக்குப் போய் அந்த ஆளை எதுவும் சொல்லிடலையே?” என்றாள்.

விஜயகுமாரி எண்களையே பார்த்தாள். சிவப்பும் பச்சையும் ஏறி, நீலம் தணிந்திருந்தால் அது மஞ்சள். முதல் நாளே மேடம் சொன்னதுதான். சென்சாரும் சரியாகச் சொன்னது, வேணு காருவும் சரியாகச் சொன்னார்.

மேடத்துக்குப் போன் போட்டு, பெயரை மட்டும் மாற்றச் சொல்லிவிடலாம். அவள் சொன்னது வேணு காருவுக்குத் தெரியவே போவதில்லை. போனைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்ததும் அந்த “தேங்க்ஸ் அம்மா” காதில் விழுந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஷர்மி, தப்பு என்னுதுன்னு தெலுங்குல எப்படிச் சொல்றது?”

“தப்பு நாதி. கைக்கு? எதுக்குக் கேக்கறே?”

விஜயகுமாரி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். நாக்கு தடுமாறியது. நோட்டைத் திறந்தாள்.

இன்னொரு தவறு: வேணு காரு நிறத்தைச் சரியாகச் சொன்னார். நான் அவருக்குப் புரியாத மொழியில், அவர் எதிரிலேயே, அவர் கண்ணைக் குறை சொன்னேன். அவருக்கு வரவேண்டிய வேலை எனக்கு வந்தபோது பேசாமல் இருந்தேன்.

நாளை: வகுப்பு ஐந்தரைக்கு. எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு எழுந்து நிற்க வேண்டும். மேடத்திடம் தமிழிலும் வேணு காருவிடம் தெலுங்கிலும் நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும். மெயில் போவதற்குள் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடச் சொல்ல வேண்டும்.