மூன்றாம் அங்கம்

காலை பதினொன்றே முக்காலுக்கு நீர்நாய்க் குட்டி அழ வேண்டியிருந்தது. அழவில்லை.

திரையில் அது அழுதுகொண்டுதான் இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு நாணல் தண்டை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து. சத்தம்தான் இல்லை. ஒலி அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பலகைகளை அடுக்கி அதன்மேல் சிறுமி சிட்டுவை நிற்க வைத்திருந்தார்கள். அப்போதுதான் மைக் அவள் வாய்க்கு நேராக வந்தது. குட்டியின் வாய் திறக்கும்போது அவளும் திறந்தாள். மூடும்போது மூடினாள். "ம்ஹூம், ம்ஹூம்" என்று ஏதோ வந்தது.

டப்பிங் இயக்குநர் பொத்தானை அழுத்தி, உள்ளே கேட்கும்படி பேசினார். "கண்ணு, இது அழுகையா, ஜலதோஷமா?"

சிட்டு சிரித்தாள். ஒலிப்பதிவாளரும் சிரித்தார். இயக்குநர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த வசனக்காரியின் பக்கம் திரும்பினார்.

"மேடம், உங்க பொண்ணு..."

"அக்கா பொண்ணு."

"அக்கா பொண்ணு. சிரிச்சா தேனு. வசனமெல்லாம் ஒரே டேக்கு. ஆனா இந்தப் படமே இந்த ஒரு அழுகைதான். சாப்பாட்டுக்குள்ள வரலன்னா நான் பெரியம்மாவக் கூப்பிட்டுடுவேன். அப்புறம் முதல்லேருந்து எல்லாமே அவங்கதான். பாதி ஒரு குரல், பாதி ஒரு குரல்னு வைக்க முடியாது."

பெரியம்மா என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் அழைக்கிற பெயர். பேரன் பேத்தி எடுத்த பிறகும் குழந்தைக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பவர். கேட்ட மாத்திரத்தில் அழுவார். எத்தனை சொட்டு என்று கேட்டுக்கொண்டு அழுவார் என்று ஒலிப்பதிவாளர் சொல்வதுண்டு.

தப்பு அவர்களுடையதுதான். குழந்தை உற்சாகமாக இருக்கும்போதே கடைசிக் காட்சியை எடுத்துவிடலாம் என்று போன வாரமே படத்தின் முடிவிலிருந்து தொடங்கியிருந்தார்கள். வெள்ளம் வடிந்து, மூடுபனி விலகி, தாய் நீர்நாய் ஆற்றைக் கடந்து வருகிறது. "அம்மா வந்துட்டாங்க!" என்று சிட்டு கத்திய கத்தலில் அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். காலையில் அவள் இயக்குநரிடமே கேட்டாள்: "அதான் அவங்க வந்துடுவாங்கல்ல அங்கிள், அப்புறம் எதுக்கு அழணும்?"

வசனக்காரிக்கு அந்தப் படத்தை முதல் தடவை போட்டுக் காட்டியபோதே கதை தெரிந்துவிட்டது. மொழிபெயர்க்க வந்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். முந்நூறு வருடங்களுக்கு முந்தைய ஒரு செய்யுள் நாடகம் அது. இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்காக அவள் தன் இளமையின் நல்ல பகுதியை அந்த நாடகத்துக்குக் கொடுத்திருந்தாள். பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. நாடகத்தில் பஞ்சம். விதவைத் தாய் மகனை ஆற்றங்கரையில் ஒரு முளைக்குச்சியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். நான் வரும்வரை கையை விடாதே. அக்கரைக்குப் போகிறவளை அந்த நாட்டு அரசன் மணந்துகொள்கிறான். அரண்மனைச் சன்னலிலிருந்து பார்த்தால் இக்கரையில் மகன் தெரிகிறான். அவள் திரையை இழுத்து மூடுகிறாள். மூன்றாம் அங்கத்தில் அவளுக்கு இன்னொரு மகன் பிறக்கிறான். அவனுக்கு மூத்தவனின் பெயரையே வைக்கிறாள். கடைசி அங்கத்தில் வெள்ளம் வருகிறது. மூத்தவன் கையை விடவில்லை.

படத்தில் முளைக்குச்சி நாணலாகியிருந்தது. திரைச்சீலை மூடுபனியாகியிருந்தது. நாடகத்தில் நடப்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிப் புலம்பும் குருட்டுக் கிழவன் இங்கே பாட்டுப் பாடும் நண்டு. அரசனும் இரண்டாவது மகனும் இல்லவே இல்லை. யாரோ மூன்றாம் அங்கத்தை மட்டும் கிழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாட்டை வைத்துத் தைத்திருந்தார்கள். தையல் அவளுக்குத் தெரிந்தது. அது தனக்கு மட்டுமே தெரிகிறது என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு நாள் இயக்குநரிடம் சொன்னாள்.

"முந்நூறு வருஷப் பழசா? அப்ப யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்றார் அவர்.

சிட்டுவை அழைத்துவந்தவளும் அவள்தான். குழந்தையின் அப்பா இறந்த அடுத்த வருடம் அக்கா சிட்டுவைத் தங்கையிடம் கொண்டுவந்து விட்டாள். வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, ஒரு வீடு பாத்ததும் கூட்டிக்கிறேன் என்றாள். முதலில் தினமும் பேசினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு தங்கைக்கு ஒரு புகைப்படம் மட்டும் வந்தது. அக்கா, முன்பின் தெரியாத ஒரு ஆள், அக்காவின் மடியில் துணியில் சுற்றிய ஒரு கைக்குழந்தை. அவகிட்ட இப்ப சொல்லாத என்று கீழே எழுதியிருந்தது. அதன்பின் அக்காவின் எண்ணுக்குப் போட்டால் யாரும் எடுக்கவில்லை. சிட்டுவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. குரல் சோதனையில் தேர்வான அன்று பேருந்தில் அவள் கேட்டாள்: "இந்தப் படம் எல்லா ஊர்லயும் வருமா சித்தி? அப்ப அம்மா பாப்பாங்கல்ல? நீர்நாய் பேசினதுமே கண்டுபிடிச்சிடுவாங்க." இந்த வேலையை அவள் அதற்காகத்தான் செய்தாள். தொண்டை கட்டும் என்று ஐஸ்கிரீமைக்கூட விட்டிருந்தாள்.

இடைவேளையில் வசனக்காரி அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் நாடகத்தின் கதையைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். மூன்றாம் அங்கத்தை மட்டும் விட்டுவிட்டாள். வெள்ளத்தையும் முளைக்குச்சியையும் சொன்னாள்.

சிட்டு கவனமாகக் கேட்டாள். "அந்தப் பையன் ஏன் கைய விடல? லூசா?"

"அம்மா சொன்னாங்கல்ல."

"பாவம்" என்றாள் சிட்டு. "ஆனா அது கதைதான?"

கதவைத் திறந்து இயக்குநர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், பாடம் நடக்குதா? ஏதாவது பண்ணுங்க. எல்லா வீட்லயும் ஏதாவது பண்ணுவாங்க. போன தடவை ஒரு அம்மா, உன் நாய்க்குட்டி லாரில அடிபட்டுச்சுன்னாங்க. என்னா அழுகை! நாய் வீட்ல படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பெரியம்மா கிளம்பி ரெடியா இருக்காங்க."

"அவங்கள வரச் சொல்லாதீங்க அங்கிள்" என்றாள் சிட்டு. "சித்தி, அவங்க வந்தா அம்மாவுக்கு என் குரல் தெரியாதே."

வசனக்காரி அவளோடு ஒலி அறைக்குள் போனாள். கதவு காற்றை உறிஞ்சிக்கொண்டு மூடியது. சுவர்களில் முட்டைத் தட்டு போன்ற பஞ்சு. எந்தச் சத்தமும் திரும்பி வராத அறை. சிட்டு தானே பலகையில் ஏறி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் குட்டி நாணலைப் பிடித்துக்கொண்டு நின்றது. வசனக்காரி ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கினாள்.

"சிட்டு, அம்மா வர மாட்டா."

"வருவாங்க. எடுத்தாச்சே."

"படத்துல இல்ல. உங்கம்மா. அவ அங்க வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா. ஒரு பாப்பா பொறந்திருக்கு."

சிட்டுவின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் கையை உயர்த்தி, அப்படியே வைத்திருந்தார். சிட்டு யோசித்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த யாரையோ பற்றி விசாரிப்பது போல் கேட்டாள்: "பாப்பா பேரு என்ன?"

வசனக்காரிக்கு அது தெரியாது. ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்றுகூடத் தெரியாது. ஆனால் பதில் தயாராக இருந்தது. ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். அரசி செய்தது அன்பா, அழிப்பா. அன்பு என்று நிறுவியிருந்தாள்.

"அதையும் சிட்டுன்னுதான் கூப்பிடறாளாம்" என்றாள்.

முதலில் மூச்சுதான் வந்தது. உள்ளே இழுத்த மூச்சு, வெளியே போகவில்லை. பிறகு வந்தது அழுகை என்று சொல்லும்படி இல்லை. மேசையைத் தரையில் இழுப்பது போல ஒன்று. அது அறுந்து, மறுபடி தொடங்கி, நடுவில் "நான்தான், நான்தான்" என்று ஆனது. குட்டியின் வாய் அசைவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒலிப்பதிவாளர் திரையைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு ஒலியின் அளவைக் குறைத்தார். சிட்டு இரண்டு கைகளாலும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விழுந்துவிடாமல் இருக்க.

சிவப்பு விளக்கு அணைந்தது. இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கண்ணு! தங்கம்! என்ன வேணும் சொல்லு, என்ன வேணா கேளு!" அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. சிட்டுவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போனது. வசனக்காரி வெளியே வந்து உட்கார்ந்தாள்.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். மூச்சு. இழுபடும் மேசை. "நான்தான், நான்தான்." அதன் மேலேயே, அதற்குச் சமமான சத்தத்தில், ஒரு பெரியவளின் குரல்: "போதும்மா, போதும், போதும்."

ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். மறுபடி போட்டார். போதும்மா, போதும்.

"நானா?" என்றாள் வசனக்காரி. சொன்ன ஞாபகமே அவளுக்கு இல்லை.

"எத்தன வருஷமா மேடம் ஸ்டுடியோவுக்கு வர்றீங்க?" என்றார் இயக்குநர். மெதுவாகத்தான் கேட்டார். "மைக் திறந்திருக்கறப்ப யாராவது வாயத் திறப்பாங்களா?"

"பிரிக்க முடியாதா?"

"ரெண்டும் ஒண்ணாக் கலந்திருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர். "உங்கள எடுத்தா அதுவும் போயிடும்."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சூடு ஆறதுக்குள்ள இன்னொண்ணு போயிடலாம். உள்ள போங்க. இந்தத் தடவ சொல்லிட்டு வெளிய வந்துடுங்க."

அவள் உள்ளே போனபோது சிட்டு சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே பலகையின் மேல் ஏறி நின்றிருந்தாள். ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். திரையில் குட்டி வாயைத் திறந்தது. சிட்டுவும் திறந்தாள். "ம்ஹூம்" என்றது. அவளுக்கே அது பிடிக்கவில்லை. கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுருக்கி, மறுபடி முயன்றாள். பிறகு ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தானே விலக்கி, சித்தியைப் பார்த்தாள். கோபமோ வேறு எதுவுமோ அந்தப் பார்வையில் இல்லை. வேலையை முடிக்க வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

"வர மாட்டேங்குது சித்தி. சொல்லாம வெச்சிருக்கறது இன்னும் ஏதாவது இருக்கா?"