செவலையின் இரண்டாவது சுழி

“சூட்ட நீங்க வைக்கிறீங்களா, இல்ல அந்தக் கம்பிய எடுத்து நானே வச்சுக்கட்டுமா?”

ராமாயி போட்ட சத்தத்தில் இருதயசாமியின் பட்டறைக் கூரையில் இருந்த காக்கைகூட எழுந்து போய்விட்டது.

“கத்தாத தாயீ. மரத்துல சூடு வச்சா வச்சதுதான். அழிச்சு எழுத இது சிலேட்டு இல்ல.”

“அழிக்கவா சொன்னேன்? விட்டதப் போடுங்கன்னுதானே சொல்றேன்!”

“விடச் சொன்னது யாரு?”

“நான்தான். என் நாக்குல சனி. இப்பப் போடச் சொல்றதும் நான்தான்!”

ராமாயியின் புருஷன் மருதையன் பூவரச மரத்தடியில் குந்தியிருந்தான். தன் கால் பெருவிரலைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாதது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இருதயசாமியின் மனைவி அருள்மேரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பேசு ராமாயி. எதிர்வீட்டுல அரிசி பொடைக்கிறவங்களுக்குச் சரியாக் காதுல விழல போலருக்கு.”

எதிர்வீடு எங்களுடையது. அரிசியில் அன்றைக்குக் கல் அதிகம், வேறொன்றுமில்லை.

இருதயசாமி தச்சர். குத்தாலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் கலப்பை, கட்டில், மாதா கோயில் பெஞ்சு எல்லாம் அவர் கை வேலைதான். ஆனால் அவர் பெயர் மாயவரம் வரைக்கும் போனது பெஞ்சால் அல்ல. சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைத் தட்டிக் கூராக்கிக் கரியடுப்பில் செருகிவைப்பார். பழுத்ததும் ஒன்றை எடுத்துக் கன்னத்தருகே கொண்டுபோவார். எவ்வளவு சூடு என்று கன்னம் சொல்லும். பிறகு மஞ்சக்கடம்புப் பலகையில் தொடுவார். அழுத்தினால் குழி விழும் என்பதால் வெறும் தொடுகைதான். கம்பி ஆற ஆறக் கறுப்பு, காப்பிப்பொடி நிறம், வெளிர்ப் பழுப்பு என்று ஒவ்வொன்றாக இறங்கிவரும். நாயோ ஆடோ சண்டைச்சேவலோ, மயிர் மயிராக எழுந்து நிற்கும். மாயவரத்து வக்கீல் ஒருவர் செத்துப்போன தன் நாயின் படத்தைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் அதற்குப் பிஸ்கோத்து நீட்டினாராம். இது அருள்மேரி சொன்னது. பாதியைத் தள்ளிவிட்டு நம்பலாம்.

மனுஷரைப் பலகையில் சுடச் சொன்னால் மட்டும் மாட்டார். “மனுசன் பலக முன்னாடி வந்து குந்துனதும் வேற மூஞ்சி மாட்டிக்கிறான். மாடு அப்படிப் பொய் மூஞ்சி வைக்காது” என்பது அவர் கட்சி.

சண்டை நடந்தது மருதையனின் செவலைக் காளையின் படத்தைப் பற்றி. மருதையன் எனக்குத் தம்பி முறை. பண்ணையார் சாரங்கபாணியின் நிலத்தில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தான். சந்தையில் ஒருவரும் சீந்தாத மாடு என்பதால்தான் செவலை அவனுக்கு வாய்த்தது. சீந்தாததற்குக் காரணம் அதன் நெற்றி. நெற்றியில் மயிர்ச்சுழி ஒன்று இருந்தால் மாடு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் அது குடைமேல் குடை. கட்டியவன் வீட்டில் கஷ்டத்தின் மேல் கஷ்டம் வரும் என்று மாட்டுத் தரகர்கள் அடித்துச் சொல்வார்கள். பகுத்தறிவுக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவன் மருதையன், சிரித்துக்கொண்டே ஓட்டிவந்துவிட்டான். ராமாயிக்குச் சுழியில் நம்பிக்கை உண்டு. ஆனால் நம்பிக்கையைவிட அவள் வாய் பெரிது. செவலையின் நெற்றியை அகலமான மணிப்பட்டை ஒன்றால் மறைத்துக் கட்டி, “எங்க மாட்டுக்கு ஒத்தச் சுழிதான்” என்று குழாயடியில் சாதித்தாள். பக்கத்து வீட்டு அம்சம் ஒருநாள் பட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். “ரெண்டுடீ!” என்று அவள் கத்த, இருவரும் ஒருவர் கொண்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ராமாயி பிள்ளையார் கோயிலுக்கு எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய், ஒற்றைச் சுழிதான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். பிள்ளையார் சூட வாசனையோடு அதையும் வாங்கிக்கொண்டார்.

படம் சுட்டது அதற்கப்புறம், ஒரு பொங்கல் சமயம். மருதையன் ஆசைப்பட்டுக் கேட்டான். இருதயசாமி தொழுவத்திலேயே குடியிருந்து பார்த்தார். வலக்கொம்பின் நுனிச் சில்லு, கிழிந்த இடக்காது, கண்ணோரத்து ஈரம் எல்லாம் பலகைக்கு வந்தன. நெற்றிக்கு வந்தபோது ராமாயி குறுக்கே விழுந்தாள்.

“கூடத்துல மாட்டப்போற படம் அண்ணே. அந்தச் சுழியோட எப்படி மாட்டுறது? அம்சம் வந்து பார்த்தா நான் செத்தேன்.”

கூடத்தில் கெட்ட சுழியை மாட்டிவைக்கிற வீடு எங்கள் பக்கத்தில் இல்லை என்பது இருதயசாமிக்கும் தெரியும். முனகிக்கொண்டே மேல்சுழியை விட்டுவிட்டு, அந்த இடத்து மயிரைக் கீழ்நோக்கிப் படியவைத்தார். ஓரத்தில் ‘மருதையன் காளை’ என்று எழுதி வருஷமும் சுட்டார். அவர் கம்பி சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பண்ணையார் கதர்த் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரைவேட்டிக்கு வந்துவிட்டார். குத்தகைக்காரர் பெயரைப் பதிந்துகொள்ளச் சட்டம் வந்தது. பெயர் ஏறினால் நிலத்தைவிட்டு யாரும் கிளப்ப முடியாது. மருதையன் மனுப் போட்டான். “குத்தகையாவது ஒண்ணாவது! அவன் என் பண்ணையாள். கூலிக்கு உழுதான். மாடும் என் மாடு” என்றார் பண்ணையார். சொன்னதோடு நிற்கவில்லை. அறுவடைத் தகராறில் ஊர் இரண்டுபட்டு, செங்கொடி ஒரு பக்கமும் போலீஸ் வேன் ஒரு பக்கமுமாக நின்ற நாளில், அவருடைய காரியஸ்தர் இராஜாங்கம் ஆட்களோடு வந்து மருதையனின் செவலையையும் அதன் ஜோடி மாட்டையும் பண்ணைத் தொழுவத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் இந்த விஷயம் எளிது. சொந்த மாடு கட்டி உழுதவன் குத்தகைக்காரன்; பண்ணை மாட்டை ஓட்டியவன் பண்ணையாள். ஆக, செவலை யாருடையதோ நிலம் அவனுடையது. தெருவில் சாட்சி சொல்ல ஆள் இல்லையா என்று கேட்கலாம். அத்தனை பேரும் பண்ணைக்கு நாற்று நடப் போகிறவர்கள். அதுவரை ஊரில் எந்த ஆடு எப்போது குட்டி போட்டது என்று சொன்னவர்களுக்கெல்லாம் திடீரென்று ஞாபகமறதி வந்துவிட்டது. மருதையனுக்கு மிஞ்சிய சாட்சி அந்தப் பலகைதான். பட்டறையில் சண்டை நடந்த அன்றைக்கு மறுநாள்தான் விசாரணை.

“இருக்கிறபடியே எடுத்துட்டுப் போவோம்” என்றார் இருதயசாமி. “சுழிய ஏன் விட்டேன்னு நான் எந்திரிச்சுச் சொல்றேன்.”

“மாட்டுல ரெண்டு, படத்துல ஒண்ணு. இது வேற மாடும்பான் இராஜாங்கம். அப்பறம் நீங்க எந்திரிச்சா என்ன, ஒக்காந்தா என்ன?”

“பழைய சூடு மரத்துல ஊறிக் கெடக்கு ராமாயி. புதுச்சூடு புதுசாத்தான் தெரியும்.”

மருதையன் அப்போதுதான் பெருவிரலை விட்டுத் தலை நிமிர்ந்தான். “போட்டுடுங்க மச்சான். உள்ளதத்தானே போடச் சொல்றோம்.”

இருதயசாமி அடுப்பை ஊதினார். கம்பியைக் கன்னத்தருகே கொண்டுபோனவர், வழக்கத்தைவிட நெருக்கிக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்டார். பிறகு குனிந்தார். நான் முறத்தை வைத்துவிட்டு வேலியோரம் வந்துவிட்டேன், பொய் சொல்வானேன்? மயிர் ஒவ்வொன்றாகத் திரும்பி வளைந்து சுழன்றது. முடிந்தபோது செவலை பலகைக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது போல இருந்தது. புதுச்சூடு தெரியாமலிருக்க அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மேலே பூசித் துடைத்தார். ராமாயி புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

விசாரணை பண்ணைக் களத்தில் நடந்தது. வந்த அதிகாரி சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். செவலையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மருதையனைக் கண்டதும் அது கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது.

“பசிச்சா எல்லா மாடும் கத்தும்” என்றார் இராஜாங்கம்.

அதிகாரி பலகையை வாங்கினார். மாட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கொம்புச் சில்லைத் தொட்டார். கிழிந்த காதைத் தொட்டார். “அடடா, உசுரோட நிக்குதேங்க!” என்றார். ராமாயியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பண்ணையார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அதோடு விட்டிருந்தால் தேவலை. ரசிகர் ஆயிற்றே! நெற்றி மயிரை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பலகையை முகத்தருகே கொண்டுபோனார். எண்ணெய் வாசனைக்கு மூக்கு சுருங்கியது. இன்னொரு தரம் முகர்ந்தார். மேல்சுழியில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் கறுத்தது.

“இது எப்பச் சுட்டது?”

மருதையன் ராமாயியைப் பார்த்தான். ராமாயி இருதயசாமியைப் பார்த்தாள். அவருடைய கன்னத்தில் முதல்நாள் கொப்புளம் பளபளத்தது.

“படம் மூணு பொங்கலுக்கு முந்திங்க. அந்தச் சுழி நேத்து சாயந்தரம்.”

இராஜாங்கம் தொடையில் தட்டிச் சிரித்தார். “மாட்ட எங்க தொழுவத்துல எட்டிப் பார்த்துட்டுப் போய்ப் படத்தத் திருத்தியிருக்காங்க சார்.”

“இல்லீங்க. மாட்டுக்கு அப்பவே ரெண்டு சுழி. வீட்டுல மாட்டுற படம்னு ஒண்ண விடச் சொன்னாங்க, விட்டேன்.”

“அதுக்கு யாரு சாட்சி?” என்றார் அதிகாரி.

இராஜாங்கம் கூட்டத்தில் தேடி அம்சத்தைக் கூப்பிட்டார். அம்சம் பேசத் தயங்கி நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

“எனக்கென்ன தெரியும் சாமி? நான் ரெண்டுன்னுதான் சொன்னேன். அவதான் ஒண்ணுன்னு கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணினா.”

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்திருந்தால் ராமாயி அவளைக் கிழித்திருப்பாள்.

“சத்தியம் பண்ணினீங்களாம்மா?”

“பண்ணினேன் சாமி. அது பொய்ச்சத்தியம்.”

“இப்ப சொல்றது?”

“ஒத்தச் சுழி மாடுன்னு சத்தியம் பண்ணினவங்களுக்கு ரெட்டைச் சுழி மாடு எப்படி சார் சொந்தமாகும்?” என்றார் இராஜாங்கம். தெருக் குழாயில் எட்டு ஊருக்குக் கேட்கிற வாய், திறந்தபடியே நின்றது.

அதிகாரி கெட்டவர் இல்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். தீர்ப்பு வந்தபோது மருதையன் பண்ணையாள் ஆகியிருந்தான்.

ஜெயித்த பிறகு பண்ணைக்கு ஒரு சங்கடம். செவலைக்குக் குடைமேல் குடை என்பது ஊரறிய நிரூபணம் ஆகிவிட்டதே! அந்த மாடு தொழுவத்தில் இருக்கிறவரைக்கும் வாசலில் கோலம் போடமாட்டேன் என்று பண்ணையார் சம்சாரம் அடம்பிடித்தாள். இராஜாங்கம் அதைக் கேரளத்துக்குப் போகிற அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டார். மருதையன் மெயின்ரோடு வரைக்கும் லாரி பின்னால் போனான். லாரிக்காரன் வேகம் எடுத்ததும் திரும்பி வந்தான். வந்து, எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். செம்பை வைத்துவிட்டு, “சுழி பலிச்சுடுச்சுக்கா” என்றான்.

கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் சொன்ன சொல் அது. நான் செம்பை எடுத்து இன்னொரு தரம் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அப்புறம் டீக்கடையில் பண்ணையாரைத் திட்ட வந்தவர்களிடமும் அதையே சொன்னான். தெருவுக்கு அது பெரிய நிம்மதியாகப் போயிற்று. எல்லாம் சுழி செய்த வேலை என்றால் பண்ணையார்மேல் தப்பில்லை, ஞாபகமறதி வந்தவர்கள்மேலும் தப்பில்லை. அம்சம்கூட ராமாயி வீட்டுக்குப் புளிக்குழம்பு கொடுத்தனுப்பினாள். ராமாயி அதை வாங்கிக்கொண்டாள். அவர்கள் சண்டையெல்லாம் பார்த்த எனக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

இருதயசாமி கம்பிகளை எல்லாம் அள்ளிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். மாயவரத்து வக்கீல் தன் புது நாயோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அருள்மேரி, அவர் ஊரில் இல்லை என்று சொன்னாள். இருதயசாமி பட்டறைக்குள்தான் உட்கார்ந்திருந்தார், கொப்புளம் ஆறிய வடுவைத் தடவிக்கொண்டு. அடுத்த கோடைக்குள் பொன்மலை ரயில் பட்டறையில் மரவேலை கிடைத்து இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டிகளுக்குப் பலகை அடிக்கிறாராம். அதில் மயிர் வேண்டியதில்லை.

மருதையனும் ராமாயியும் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். பலகையையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அங்கே ராமாயி அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கிறாள் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். அம்சத்தின் பிள்ளைக்குக் குத்தாலத்தில் அரிசி மில் வீட்டுப் பெண். அவனுக்கும் மருதையன் மகள் நீலாம்பாளுக்கும் ஒருகாலத்தில் வாய்க்கால் கரையில் பேச்சு இருந்ததை இந்தத் தெருவில் பார்த்தது நான் ஒருத்தி மட்டுமில்லை.

நீலாம்பாளை நாகப்பட்டினத்திலேயே மனைவியை இழந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மாட்டுக் கதை அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காள் நீலாம்பாளை உள்ளே கூட்டிக்கொண்டு போய், நெற்றி மயிரை விலக்கி, உச்சி வகிட்டையும் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். ராமாயி பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைச் சுழிதான். மேளம் அடித்தார்கள்.