வீட்டுக் கணக்கில் பிறேமினி

என் மகள் பிறேமினி எங்களோடுதான் இருக்கிறாள் என்று கவுன்சில் படிவத்தில் எழுதியவன் நான்தான். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு எழுத்து, அதாவது பதிவுக் கலியாணம், முடிந்துவிட்டது, உண்மை. மாப்பிள்ளை கிருசாந்தனோடு நகரத்தின் மற்றப் பக்கம், டூட்டிங்கில் இருக்கிறாள் என்பதும் உண்மை. வேலைக்குக் கிட்ட என்று காரணம் சொன்னார்கள். ஆனால் கோயிலில் கைபிடித்துக் கொடுக்கும்வரை பெண் தகப்பன் வீட்டுப் பெண்தான். கோயில் கலியாணம் உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு. அதுவரை பங்குக் கோயிலில் யார் கேட்டாலும் அவளுக்கு வேலையில் ஷிப்ட் என்று சொல்லிவந்தோம். கோயிலுக்கு ஒரு கதை, கவுன்சிலுக்கு ஒரு கதை என்று பேசுகிற குடும்பம் அல்ல எங்களுடையது. ஆகவே கவுன்சிலுக்கும் அதையே எழுதினேன்.

வாடகைக்குக் கவுன்சில் தருகிற பெனிபிட் காசில் பெரிய வெட்டு விழுந்தது. சம்பளம் எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வெட்டுவார்களாம். அவளுடைய சம்பளத் துண்டை நாங்கள் அனுப்பாதபடியால் ஆகக்கூடிய வெட்டாம். பெற்ற பிள்ளை வீட்டில் இருப்பதற்கு எதற்குத் தண்டனை என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்காரர் சண்முகராசா பிளேஸ்டோவில் எங்களுக்கு இந்த இரண்டு அறை வீட்டை வாடகைக்குத் தந்தவர். மரியாதையான மனிதர். நாங்கள் வாடகையைக் குறைத்துக் கட்டியதும் வந்து, வாசலில் நின்றபடியே பேசினார்.

"அண்ணை, எனக்கும் பாங்கில மோட்கேஜ் கட்ட இருக்கு. நான் உங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லேல்லை. ஆனால்..."

"ஆனால் எண்டால் எழும்பச் சொல்லுறதுதான், தம்பி."

அவர் சிரித்தார், மறுக்கவில்லை. இந்த வீடு போனால் இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது. கவுன்சில்காரர் தெரியாத ஏதாவது ஊருக்கு அனுப்புவார்கள். என் மனைவி டொலறஸ் அன்றே கவுன்சிலுக்குப் போன் எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு ஒரு சந்திப்புக் கேட்டாள்.

கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு டொலறஸோடு போனேன். மேசையின் அந்தப் பக்கத்தில் ஓர் இளம் அதிகாரி. அவருக்கு அருகில் மொழிபெயர்க்க வந்திருந்தவள் வசந்தமலர். எங்கள் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். பூசை முடிந்தால் ஓடிவந்து "அங்கிள், அன்ரி" என்று கையைப் பிடிப்பவள்.

"வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா. இங்க கதைக்கிறது ஒண்டும் வெளியில போகாது" என்றாள், மனப்பாடம் செய்ததுபோல.

ஐயாவாம். "பிள்ளை, எங்களைத் தெரியேல்லையோ?" என்றேன்.

"ஐயா, இவர் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. மகள் உங்களோடயோ இருக்கிறா?"

இந்தப் பிள்ளைக்கு முன்னால் வேறு என்ன சொல்வது?

"ஓம். எங்களோடதான்."

டொலறஸ் மேசைக்குக் கீழே என் சப்பாத்துக் காலை மிதித்தாள்.

"அப்பிடியெண்டால் அவவின்ர சம்பளத்தைப் பாத்து வெட்டத்தான் வேணுமாம். ஆனால் இரண்டு அறைக் கணக்கில காசு வருமாம்."

"அவள் இல்லையெண்டால்?" என்றேன்.

"வெட்டு இல்லையாம். ஆனால் ஒரு அறைக் கணக்குத்தானாம்."

"அப்ப இருந்தாலும் குறையும், இல்லாட்டிலும் குறையும்."

வசந்தமலர் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"ஓமாம், ஐயா."

எனக்குத் தலை சுற்றியது. டொலறஸுக்குச் சுற்றவில்லை. "எதில கூடுதலாக் குறையும் எண்டு கேளும் பிள்ளை" என்றாள்.

அதிகாரி கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தார். மகள் இருந்தால்தான் கூடுதலாகக் குறையுமாம். நல்ல சம்பளம் என்றால் பெரிய வெட்டாம்.

டொலறஸ் என் பக்கம் திரும்பினாள். "அப்ப சொல்லுங்கோவன்."

"என்னத்தை?"

"அவளின்ர கட்டில்ல இப்ப ஆர் படுக்கிறது? என்ர தையல் மெசின்தானே படுத்திருக்கு."

வசந்தமலர் அதையும் விடாமல் மொழிபெயர்த்தாள். அதிகாரி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். வசந்தமலரைப் பார்க்காமல், அவருடைய முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"மகளுக்கு எழுத்து முடிஞ்சுது. டூட்டிங்கில மாப்பிள்ளையோட இருக்கிறா. கோயில் கலியாணம் இன்னும் முடியேல்லை. அதை நாங்கள் வெளியில சொல்லேல்லை."

வசந்தமலர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"வாழ்த்துக்களாம், ஐயா. அவ போன திகதியும் அந்த விலாசமும் வேணுமாம். இனி ஆராவது போனால் உடனே அறிவிக்கட்டாம்."

"கோயில் விசயம்?"

"அதை எழுத இதில இடம் இல்லையாம்."

நான் இத்தனை நாள் காத்து வைத்திருந்ததை அந்த மனிதர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெட்டு நின்றது. இப்போது ஒரு அறைக் கணக்கில்தான் வருகிறது. மீதியைப் பென்ஷனில் இருந்து போடுகிறோம். நெருக்கம்தான், ஆனால் சண்முகராசா இப்போது "ஆனால்" என்று சொல்வதில்லை. பழைய மாதங்களையும் திருப்பிப் பார்ப்பார்களாம். காசு எங்களுக்கு வருமோ, நாங்கள் திருப்பிக் கட்டவேண்டுமோ, இரண்டும் நடக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பங்குச் சபைத் தலைவர் யேசுரட்ணத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். வசந்தமலர் ஓடிவந்து டொலறஸின் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், அன்ரி, சுகமோ? பிறேமினி அக்காவைக் காணேல்லை."

ஒவ்வொரு கிழமையும் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். மறந்துவிட்டாளா, என்னைச் சோதிக்கிறாளா, அல்லது ஒன்றும் தெரியாதவள்போல் எனக்குக் கதவு திறந்துவிடுகிறாளா? அவள் முகத்தில் எதுவும் பிடிபடவில்லை.

"அவவுக்கு ஷிப்டாயிருக்கும்" என்றார் யேசுரட்ணம், எனக்குப் பதிலாக.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கவுன்சிலில் இப்போது ஒரு கதை எழுதியாகிவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கதை இல்லை.

"ஷிப்ட் இல்லை. எழுத்து முடிஞ்சுது. டூட்டிங்கில மாப்பிள்ளையோட இருக்கிறா" என்றேன்.

யேசுரட்ணம் டொலறஸைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பிடியோ, அங்கிள்? எனக்குத் தெரியாதே" என்றாள் வசந்தமலர், முதல் தடவை கேட்பவளாக.